ஏரி மேல் போட்ட நாற்காலி

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், இந்தப் பக்கமெல்லாம் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், முதல் போன் அந்தப் பிள்ளைக்குப் போகும். இரண்டாவது போன் எனக்கு வரும். நான் சொல்வது தொண்ணூறுகளின் கதை. கரண்டில் ஓடும் கண்ணாடிப் பெட்டி அப்போது எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை. என்னுடைய ஐஸ் பார்தான். பார்களை நெருக்கி அடுக்கி, மேலே உமியைக் கொட்டி, அதன் மேல் பாயைப் போட்டுப் பெரியவரைக் கிடத்தினால், பிள்ளை விமானம் ஏறி வந்து இறங்கும் வரை முகம் மாறாது. தூங்குகிற மாதிரியே இருக்கிறாரே என்று பிள்ளைகள் அழுவார்கள். அந்த அழுகையைக் கேட்டுவிட்டுத்தான் நான் வேனை எடுப்பேன். என் ஐஸில் படுத்த ஒருவர் முகமும் கெட்டதில்லை. பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். பிறந்தது ஐஸ் ஹவுஸுக்குப் பின்னால் கடலோரக் குப்பத்தில். அப்பா கட்டுமரம் ஓட்டினார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஏறினால் வாந்தி. செம்படவன் வீட்டில் பிறந்து கடலைக் கண்டால் வாந்தி எடுக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சைக்கிள் கேரியரில் கோணி சுற்றிய ஐஸை வைத்து, மீன் விற்கிறவர்களுக்குக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தேன். சைக்கிள் மூன்று சக்கர வண்டியானது, வண்டி வேனானது, கடைசியில் சொந்த ஐஸ் பாக்டரி. தி.நகர் கல்யாண மண்டபங்களில் ஜூஸுக்கு என் ஐஸ். பட்டினப்பாக்கத்தில் மீனுக்கு என் ஐஸ். அறுபத்துமூவர் திருவிழாவில் மாட வீதி நீர்மோர்ப் பந்தல்களுக்கும் என் ஐஸ். மந்தைவெளியில் மாடி வைத்த வீடு. படித்தவர்கள் தெருவில் எனக்கென்று ஒரு வீடு.

என் பாக்டரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் ஐஸ் மேல் கால் வைக்கக் கூடாது. தாண்டுவதும் கூடாது, ஏறி நிற்பதும் கூடாது. பாரைக் கொக்கி போட்டு இழுக்கலாம், கையால் தள்ளலாம், அவ்வளவுதான். சாப்பிடுகிற பொருள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். மனுஷ உடம்பு ஐஸ் மேல் படுவது ஒரே ஒரு தடவைதான்.

எனக்கு ஒரே பெண். கான்வென்ட்டில் சேர்த்துப் படிக்க வைத்தேன், அவளும் படித்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் அமெரிக்காவில் கிழக்குக் கரைப் பக்கம், ஒரு பெரிய பட்டணத்துக்கு வெளியே, ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கினார்கள். அந்த ஊர்ப் பெயர் என் வாயில் நுழையாது. எங்கள் வீட்டில் அதற்கு ஏரியூர் என்று பெயர். டீக்கடையில் உட்கார்ந்து ஏரியூரைப் பற்றி நான் பேசுவதைக் கேட்டால் அதற்கு நான்தான் சேர்மன் என்று நினைப்பார்கள். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் காம்பவுண்டு சுவர் கிடையாது. புல்லு அப்படியே சரிந்து தண்ணீரில் போய் இறங்கும். சுவர் வைக்காத பணக்காரனை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த வருஷம் பெண் ஏழாம் மாதம். வெயில் காலத்தில் பிரசவம், அதற்கு நாங்கள் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஊரைக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை வீடியோ எடுத்து, லீவில் வந்த ஒருவரிடம் கேசட் கொடுத்தனுப்பினார். அந்த ஊர்க் கேசட் நம் ஊர் டெக்கில் சரியாக ஓடாது, படம் கோடு கோடாக உருளும். கோடம்பாக்கத்தில் ஒரு வீடியோக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றி வாங்குவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது.

சனிக்கிழமை சாயந்தரம் கூடத்தில் போட்டேன். என் மனைவி, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற என் அக்கா, எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார், இத்தனை பேரும் இருந்தார்கள்.

முதலில் ஏரி வந்தது. ஏரி என்றால் தண்ணீர் இல்லை. வெள்ளை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வெள்ளை. அதன் மேல் ஆட்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஒருத்தன் சின்ன கூடாரம் போட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, ஐஸில் ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் நூலை விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்றான் அவன்?" என்றாள் அக்கா.

"மீன் புடிக்கிறான்."

"ஓட்ட போட்டா? ஒரு மீனுக்கு ஒரு ஓட்டயா? நம்ம ஆளுங்க இப்டி புடிச்சா நான் கூடய தூக்கி கடல்ல போட்டுட்டு வீட்டு வேலைக்குப் போவணும்."

வாத்தியார் சிரித்தார். மாப்பிள்ளையின் குரல் பின்னாலிருந்து விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தது. ஊர் நூலகத்தில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி பழைய போட்டோக்களைக் காட்டினாள். முதலில் அந்த மண்ணின் பழங்குடிகள் ஏரியில் மீன் பிடித்தார்களாம். பிறகு வெள்ளைக்காரர்கள் வந்து விவசாயம் செய்தார்களாம். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பணம் வந்தது, எதனால் தெரியுமா? ஐஸினால். குளிர்காலத்தில் ஏரியை ரம்பம் வைத்து அறுத்து, கட்டி கட்டியாகக் குதிரை கட்டி இழுத்து, பெரிய கொட்டகைகளில் மரத்தூள் போட்டு அடுக்கி, கப்பல் ஏற்றி நாடு நாடாக அனுப்பியிருக்கிறார்கள்.

"மாமா, உங்க ஐஸ் ஹவுஸுக்கு வந்த ஐஸ் இந்தப் பக்கத்து ஏரிங்கள்லேர்ந்துதான் வந்திருக்கும்" என்றது மாப்பிள்ளை குரல்.

நான் எழுந்து நின்றேன். சின்ன வயதில் கடற்கரையில் அந்த வட்டமான கட்டடத்தைச் சுற்றி ஓடும்போது, வெள்ளைக்காரன் தேசத்திலிருந்து கப்பலில் ஐஸ் வந்து இறங்கின இடம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். போட்டோவில் கையுறை போட்டு, கொக்கி பிடித்து நிற்கிறவர்களைப் பார்த்தேன். அதே கொக்கி. வளைவு கூட அதேதான்.

"பாத்தியாமே? எங்க தொழில்" என்றேன் மனைவியிடம்.

"ஆமா, குதிரைக்குப் பதிலு நீ இழுத்த" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஊர்க்கதை ஓடியது. ஐஸ் வியாபாரம் படுத்ததும் ரயில் வந்ததாம். வெயில் காலத்தில் பட்டணத்து ஜனங்கள் ஏரிக்கரைக்கு வந்து படகு விட்டு, கொட்டகை போட்டு ஆட்டம் ஆடினார்களாம். வந்தவர்கள் மெல்ல மெல்ல வீடு கட்டி அங்கேயே தங்கிவிட்டார்கள். கோயில் சமையல் மாதிரி சர்ச்சில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிறார்கள். அதில் என் பெண் கொண்டுபோன பாத்திரத்தில் புளிசாதம். ஊர்வலத்தில் நெருப்பணைக்கும் வண்டி முன்னால் போக, பிள்ளைகள் கொடி பிடித்துப் பின்னால் போகிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் என் பெண் வந்தாள். தடியான கோட்டு, குல்லாய், அதற்குள் சின்ன முகம், கோட்டுக்கு முன்னால் வயிறு. ஏரியின் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

"நைனா! பாத்தீங்களா, நான் ஐஸ் மேல நிக்கிறேன்! டெய்லி சாயங்காலம் இப்படியே குறுக்கால நடந்துதான் அக்கரை லைப்ரரிக்குப் போறோம். சுத்திப் போனா ரொம்ப தூரம்."

சொல்லிக்கொண்டே காலால் ஐஸை இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டு என் நெஞ்சில் விழுந்தது.

அடுத்த நிமிஷம் ஒரு சத்தம். டொம்ம்ம் என்று, தூரத்தில் யாரோ பெரிய பீப்பாயை உருட்டின மாதிரி, அடியிலிருந்து. அவள் சிரித்தாள். கூடத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. தொட்டியிலிருந்து எடுத்த பார் மேல் தண்ணீர் பட்டால் உள்ளே ஒரு சத்தம் வரும். சத்தம் வந்த பார் அடுத்த நிமிஷம் பிளக்கும். எத்தனை வருஷமாகக் கேட்கிற சத்தம்! ஐஸ் பேசினால் உடையப்போகிறது என்று அர்த்தம்.

"திருப்பிப் போடு" என்றேன். ஓட்டினோம். மறுபடியும் டொம்ம்ம்.

"கேக்குதா?"

"என்ன கேக்கறது?" என்றார் வாத்தியார்.

"உடையுது சார் அது!"

"அவா ஊர்ல அதெல்லாம் ரெண்டு அடி, மூணு அடி கனம் இருக்கும் ஐஸ்காரரே. லாரியே போறதாம். மேற்கொண்டு பாரும்."

மேற்கொண்டு பார்த்தோம். அது இன்னொரு நாள் எடுத்தது போலிருக்கிறது. அதே ஏரி. ஆனால் வெள்ளை இல்லை, அழுக்குச் சாம்பல் நிறம். அங்கங்கே கருப்பாகத் திட்டு. ஒரு ஆள் கூட இல்லை. கூடாரங்கள் இல்லை. நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி. கை வைத்த மர நாற்காலி. அதில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. காற்றில் துணி ஆடியது.

"நைனா, அந்த நாற்காலியப் பாருங்க" என்றது என் பெண்ணின் குரல். அதோடு கேசட் முடிந்துவிட்டது. திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது.

அக்கா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வாத்தியாருக்குப் புரியவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் வேறு. எங்கள் பக்கத்தில் செத்தவரை ஐஸிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, துணி உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டுவோம். ஐஸும் நாற்காலியும் ஒன்றாக இருப்பதை நான் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"அது இன்னாடா நாற்காலி?" என்றாள் அக்கா, மெதுவாக.

"சும்மா இரு."

"யாரோ போய்ட்டாங்கடா அந்த எடத்துல. அதான் வச்சிருக்கானுங்க."

"சும்மா இருன்னு சொல்றேன்ல!"

நான் அக்காவை அப்படி அதட்டியதே இல்லை. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

என் பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் போடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனுக்கு எதிரே உட்கார்ந்தேன். இட்லி ஆறிப் போனது. போன் அடிக்கவில்லை. மனைவி இரண்டு தடவை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைத்தாள்.

"அட, வெளிய போயிருப்பாங்க" என்றாள்.

"எங்க போவாங்க?"

"எங்கயோ."

"எங்கயோன்னா? ஏரிக்குத்தான் போவாங்க!"

நானே போட்டேன். நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். மணி அடித்தது. டக்கென்று எடுக்கிற சத்தம். என் பெண்ணின் குரல்!

"கண்ணு! நைனா பேசறேன். நல்லா கீறியா?"

அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, மரியாதையாக, ஒரே சீராக. நான் "கண்ணு, நான்தான், நைனா" என்று கத்தக் கத்த, அவள் நிறுத்தாமல் பேசி முடித்தாள். பிறகு கீச்சென்று ஒரு கூவல். பிறகு ஒன்றுமே இல்லை. மூச்சு கூட இல்லை.

சொந்த மகள் என் குரலை அடையாளம் தெரியாமல் பேசுகிறாள். அல்லது... அந்த அல்லதுக்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

வாத்தியார் வந்து, அவரே போட்டுப் பார்த்து, ரிசீவரை வைத்தார். "ஒண்ணுமில்லை. இது மெஷின். ஆத்துல யாரும் இல்லைன்னா இது பதில் சொல்லும். கூவின அப்புறம் நீர் சொல்ல வேண்டியதைச் சொன்னா பதிவாயிடும்."

"ஆளு இல்லாத வீட்லதான் அது பேசும்?"

"ஆமா."

"அப்ப ஆளு இல்ல."

வாத்தியார் என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். தைரியம் சொல்லத்தான் வந்திருந்தார், பாவம்.

மெஷினுடன் பேசினேன். ஏரி மேல போவாதே, கால வைக்காதே, சுத்திப் போ, போன் போடு. சாயந்தரம் மறுபடியும் அதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் முதலில் அவள் இங்கிலீஷ் பேச்சை முழுக்கக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், நடுவில் நிறுத்தி "நைனா" என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருப்பேன்.

திங்கட்கிழமை பாக்டரிக்குப் போனால் கொஞ்சம் மனசு ஆறும் என்று போனேன். தப்பு. ஐஸ் ரூமில் பார்கள் அங்கங்கே சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. படக். படக். எப்போதும் போடுகிற சத்தம்தான். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் நான் திரும்பிப் பார்த்தேன். வெளியில் பங்குனி வெயில். வாசலில் இறக்கி வைத்த பார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் மழுங்கி, நடுவில் குழி விழுந்தது. நம் ஊரில் இது. அங்கே? அங்கேயும் பங்குனிதானே! கேசட் எடுத்தது தை, மாசியாக இருக்கும். எடுத்து, வந்து, கோடம்பாக்கத்தில் கிடந்து, நான் பார்ப்பதற்குள் எத்தனை வெயில் அந்த ஏரி மேல் விழுந்திருக்கும். அவள் இன்னும் தினமும் குறுக்கே நடக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு, இரண்டு பேர் கனத்தோடு.

மறுநாள் அறுபத்துமூவர். வருஷத்தில் எனக்குப் பெரிய நாள். மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, ஜனம் கடல் மாதிரி நகர, என் வேன் ஒரு பந்தலுக்கும் இன்னொரு பந்தலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வேனின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ரோட்டில் ஓடியது. யாரோ அதில் கால் நனைத்து, "அப்பா, சில்லுனு கீது" என்று சிரித்தார்கள். நான் கீழே இறங்கி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐஸ் தண்ணீராகிறது, அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? என் வாழ்க்கை முழுதும் அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பந்தல்காரர் என்னைத் தேடி வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டாராம். பிள்ளை அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். ஐஸ் வேண்டும்.

போகாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். ஆனால் சாவுக்கு ஐஸ் இல்லை என்று நான் சொன்னதே கிடையாது.

போனேன். கூடத்தில் ஜன்னல் பக்கமாக இடம் ஒழித்திருந்தார்கள். பார்களை அடுக்கினோம், உமியைப் போட்டோம், பாயை விரித்தோம். சாந்தமான முகம். பெரியவரைக் கிடத்தியதும், யாரோ ஒருவர், பெரியவரின் மனைவி உட்காருவதற்காக, மூலையில் இருந்த கை வைத்த நாற்காலியைத் தூக்கிவந்து, ஐஸுக்குப் பக்கத்தில் போட்டார்.

"அத எடுங்க!" என்று கத்திவிட்டேன். "அங்கேர்ந்து எடுங்க முதல்ல!"

வீடு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாதான் எழுந்து வந்தார். புருஷன் போன அன்றைக்கு, அழுத கண்ணோடு, என்னைப் பார்த்து, "என்னப்பா? உனக்கு என்ன?" என்றார்.

அந்த இடத்தில் பேசக்கூடாத பேச்சு. ஆனால் பேசிவிட்டேன். மகள், ஏரி, நாற்காலி, மெஷின், எல்லாம். அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

"எம் பிள்ளை இருக்கிற ஊர்லயும் ஏரி உண்டு. பங்குனி வந்தா யாரும் அதும்மேல போகப்படாதும்பான். மேல கெட்டியா இருக்கறாப்ல இருக்குமாம், உள்ள உளுத்துப் போயிருக்குமாம்" என்றார். என் முகத்தைப் பார்த்தபின், அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது போலிருக்கிறது. "அதோ போன். போடு. இப்ப அங்க விடிஞ்சிருக்கும்."

அந்த வீட்டு போனில் போட்டேன். மணி. எடுக்கிற சத்தம். இங்கிலீஷ் குரல். கூவல்.

"கண்ணு, நைனாதான். ஏரி மேல..."

"நைனா! நைனா! நான்தான், எடுத்துட்டேன்!"

அது மெஷின் இல்லை. மூச்சு வாங்கியது.

"கண்ணு" என்றேன். சாவு வீட்டில் நான் சந்தோஷமாகக் கத்த முடியுமா? வாயைக் கையால் மூடிக்கொண்டேன். என் பின்னால் அந்த நேரம் பார்த்து உறவுக்காரப் பெண்கள் சிலர் உள்ளே வந்து, பெரியவரைப் பார்த்து ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

"நைனா? யாரு அழறாங்க?" அவள் குரல் மாறிவிட்டது. "நைனா, சொல்லுங்க. அம்மாவா? அம்மாவுக்கு என்ன?"

"இல்ல கண்ணு..."

"பொய் சொல்லாதீங்க! மெஷின் முழுக்க உங்க குரல். கத்திக் கத்தி ஒண்ணும் புரியல. இப்பதான் வீட்டுக்குள்ள கால் வச்சோம். அம்மா எங்க? அம்மாவ பேசச் சொல்லுங்க!"

"அம்மா வீட்ல கீறா. சாம்பார் வச்சிக்கினு கீறா. இது வேற வீடு. சாவு வீடு. நான் ஐஸ் போட வந்தேன் கண்ணு, ஐஸ் போட!"

அந்தப் பக்கம் அவள் அழுதாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். "சாவு வீட்லேர்ந்தா போன் போடுவீங்க நைனா!"

வேறு ஊரில் இருக்கிற நம் ஊர்ப் பெண்கள் அவளுக்கு வளைகாப்பு நடத்த அழைத்திருக்கிறார்கள். போன இடத்தில் பெரிய பனி கொட்டி, ரோடு அடைத்து, கம்பி அறுந்து, போனும் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

"அந்த நாற்காலி?" என்றேன்.

"எந்த நாற்காலி?"

"ஏரி மேல. செவப்புத் துணி கட்டி."

"ஓ அதுவா! அது ஊர் வழக்கம் நைனா. ஐஸ் பலம் கொறைய ஆரம்பிச்சதும் நெருப்பணைக்கிறவங்க போயி அந்த நாற்காலிய நடுவுல வச்சிட்டு வந்துடுவாங்க. இந்த வருஷம் சீக்கிரமே வச்சிட்டாங்க. அத வச்சாச்சுன்னா அப்புறம் யாரும் ஏரில கால் வைக்க மாட்டாங்க. அது என்னைக்கு முழுகும்னு ஊரே ஆளுக்கொரு நாள் சொல்லும். சரியாச் சொன்னவங்களுக்குக் கேக்கு. உங்களுக்கு ஐஸ் தெரியும்னு உங்க பேர்லயும் ஒரு நாள் சொல்லியிருக்கேன். அதத்தான் கேசட்ல சொல்ல வந்தேன், டேப் தீந்து போச்சு."

"எம் பேர அதுலேர்ந்து எடுத்துடு."

"நைனா, சும்மா வெளயாட்டு."

"எடுத்துடு கண்ணு."

ரிசீவரை வைத்தேன். அந்த அம்மா நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். நல்ல சேதிதானே என்று கேட்கிற மாதிரி. ஆமாம் என்று நானும் அசைத்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் அவர் புருஷன் என் ஐஸ் மேல் படுத்திருந்தார்.

நாற்காலி அதற்குச் சில வாரம் கழித்துத்தான் முழுகியதாம். கேக்கு வேறு யாருக்கோ போனது. வெயில் காலத்தில் நாங்கள் போனோம், பேரன் பிறந்தான். ஏரி நீலமாக, சாதுவாக, பிள்ளைகள் குதித்து நீந்துகிற ஏரியாக இருந்தது. படகுகள் நின்றன. கரையில் அந்த நூலகப் பாட்டிக்கு முன்னால் நின்று, நானும் ஐஸ்காரன்தான் என்று மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னேன். பாட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஊரே என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு கேசட் வந்தது. பேரனைக் குல்லாயும் கோட்டும் போட்டு ஐஸ் மேல் நிற்க வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நடத்துகிறாள். அவன் சிரிக்கிறான். நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மனைவி மட்டும் முழுக்கப் பார்த்தாள்.

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கேட்க மாட்டாள். அது அவள் ஊர் ஆகிவிட்டது. அங்கே ஐஸ் என்றால் நடக்கிற இடம். அதனால் தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தால் நான் முந்திக்கொண்டு எடுப்பேன். சாப்டியா என்று கேட்க மாட்டேன், பேரன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்க மாட்டேன்.

"நாற்காலி வச்சிட்டாங்களா?" என்பேன்.

"இன்னும் இல்ல நைனா."

அடுத்த ஞாயிறும் இன்னும் இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. அந்த வாரங்களில் பாக்டரியில் ஒரு பார் படக்கென்றாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். இங்கே மாசி முடிந்து, வெயில் ஏறி, மாட வீதியில் பந்தல் கால் நடுகிற சமயத்தில் ஒரு நாள் அவள் போனில் சிரித்துக்கொண்டே, "வச்சிட்டாங்க நைனா" என்பாள்.

அதற்குப் பிறகுதான் பேரனைப் பேசச் சொல்வேன்.